'ஆபரேஷன் வேண்டாம்' என்று சொல்லி அனுப்பும் டாக்டர்களுக்கு

வணக்கம். வயதானவரின் சி.டி. ஸ்கேனில் மூளைக்கு மேலே பழைய ரத்தக்கட்டைப் பார்த்துவிட்டு, "சின்னதுதான், மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பும் மூளை நரம்பியல் மருத்துவர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. பீரோக் கதவில் தலையை இடித்துக்கொண்டது அவருக்கே மறந்துபோச்சு. ஆறு வாரம் கழித்து ஒருநாள், இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் தெருமுனைவரை நடந்து போயிருக்கிறார். நாங்கள் வயசுக் கோளாறு என்றுதான் நினைத்தோம்.

ஆபரேஷன் வேண்டாம் என்ற முடிவில் எனக்குக் குறையே இல்லை. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், அதனால் இழுபட்டு நிற்கும் சிரைகள் லேசான இடியிலும் கசியும், கசிந்த ரத்தத்தைச் சுற்றிச் சவ்வு வளர்ந்து அதிலிருக்கும் புதுக் குழாய்களும் கசியும், ஆனாலும் தொந்தரவு அதிகமில்லாத சிலருக்குத் தானாகவே கரைந்துவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சரி. காத்திருப்பதும் வைத்தியம்தான் என்றால் அதையும் எழுதித் தர வேண்டாமா? இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததற்காக, ரத்தம் உறையாமல் இருக்க அப்பா சாப்பிடும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்துவதா வேண்டாமா என்று நாங்கள் வாங்கி வந்த சீட்டில் ஒரு வரி இல்லை. இதய டாக்டரைக் கேட்டால் நரம்பு டாக்டரைக் கேளுங்கள் என்றார், நரம்பு டாக்டர் திருப்பி இதய டாக்டரிடமே அனுப்பினார். நாலு நாள் அம்மா தினமும் காலையில் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

அப்புறம் ரத்தக்கட்டுக்காகக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அதைத் தொடங்கியபோது சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஐந்தாம் நாள் 380. பிரிட்டனில் 748 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இந்த ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு மறு ஆபரேஷன் குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களும் குறைவு. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷன் ஆனவர்கள்தான். ஆபரேஷனுக்குப் பதிலாக இதையே கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அப்படியும் கொடுப்பதென்றால் ஏன், எத்தனை நாள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

நான் கேட்பது தமிழில் ஒரே ஒரு தாள். எப்போதும் இல்லாத தூக்கக் கலக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கூட்டி வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் பற்றி யார் முடிவு சொல்வார்கள், அடுத்த சி.டி. என்றைக்கு என்பதும் இருக்கட்டும்.

அப்பாவுக்கு அடுத்த ஸ்கேன் வரும் செவ்வாய்க்கிழமை. சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதித் தந்தாலும் போதும் டாக்டர்.