உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு: எதிர்ப்பொருளின் கதையை முழுதாகச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

பள்ளிப் பாடநூல்களில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்ற புரதம் பற்றிய பகுதி பல நேரங்களில் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. கிருமி நுழைந்ததும் உடல் அதற்கேற்ற எதிர்ப்பொருளைச் செய்கிறது, அது கிருமியைக் கொல்கிறது. பிறகு ஒய் வடிவப் படம் ஒன்று, ஐந்து வகைகளின் அட்டவணை ஒன்று. அந்த வாக்கியத்தைத் திருத்தும்படி கேட்கவே இந்த மடல். அதன் இரு பாதிகளுமே மாணவர்களைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன.

"அதற்கேற்ற எதிர்ப்பொருளைச் செய்கிறது" என்று படிக்கும் மாணவர், பூட்டைப் பார்த்து அதன்பின் சாவியை வார்ப்பதாகவே எண்ணுவார். அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. 1940இல் லைனஸ் பாலிங் போன்ற மாபெரும் வேதியியலாளரே, ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருள் பிணையும் அந்நியப் பொருளை, அச்சாகக் கொண்டு புரதம் மடிந்து வடிவம் பெறுகிறது என்று கருதினார். நடப்பது இதற்கு நேர்மாறு என்று 1957இல் பிராங்க் மக்ஃபர்லேன் பர்னெட் சொன்னார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. கிருமி வருமுன்பே பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரே வகை எதிர்ப்பொருளை ஏந்தியிருக்கிறது. வந்த ஆன்டிஜென் எதனோடு பொருந்துகிறதோ அந்த செல், பெரும்பாலும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் துணையோடு, பெருகத் தொடங்குகிறது. அதன் வழித்தோன்றல்களில் சில பிளாஸ்மா செல்களாகி எதிர்ப்பொருளைச் சுரந்து தள்ளுகின்றன. சில நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன.

கூர்மையான மாணவர் உடனே கேட்பார்: மனிதரிடம் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000தானே, கோடிக்கணக்கான வடிவங்கள் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வி எழவேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதலாம். 1976இல் சுசுமு டொனெகாவா காட்டிய விடை இன்றும் என்னை மலைக்க வைக்கிறது. எதிர்ப்பொருளுக்கான மரபணு முழுதாக நமக்குப் பிறப்பில் கிடைப்பதில்லை. துண்டுகளாகக் கிடைக்கிறது. பி செல் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது, தன் டிஎன்ஏவையே வெட்டி, அத்துண்டுகளில் சிலவற்றைத் தற்செயலாகத் தேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடங்களிலும் டிஎன்ஏ எழுத்துகள் கூடுகின்றன, குறைகின்றன. எதிர்ப்பொருள் இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது என்பதால், இது கனச் சங்கிலிக்கு ஒரு முறை, இலகுச் சங்கிலிக்கு ஒரு முறை நடக்கிறது. அதோடும் நிற்பதில்லை. தொற்றுக்குப் பின் நிணநீர் முடிச்சுகளில் பெருகும் பி செல்கள், எதிர்ப்பொருளின் பிணைப்புப் பகுதிக்குரிய மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்துகின்றன. இன்னும் இறுக்கமாகப் பிணைபவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. பரிணாமம் என்ற பாடத்துக்கு, சில வாரங்களில் நம் உடலுக்குள்ளேயே நடந்து முடியும் எடுத்துக்காட்டு இது. இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

இனி, "கொல்கிறது" என்ற சொல். 1890இல் எமில் ஃபான் பெஹ்ரிங்கும் கிதாசாட்டோவும், டெட்டனசுக்கு எதிரான ஆற்றல் பெற்ற விலங்கின் ரத்தச் சீரம் அந்நோயின் நஞ்சைச் செயலிழக்கச் செய்கிறது என்று காட்டினார்கள். நஞ்சுக்கு உயிரில்லை, அங்கே கொல்வதற்கு எதுவுமில்லை. எதிர்ப்பொருளின் முதன்மையான வேலை பிணைவது. வைரஸின் மேற்புரதத்தைப் பற்றிக்கொண்டால் அது செல்லுக்குள் நுழைய முடியாமல் போகிறது. பாக்டீரியாவின் மீது படிந்தால், ஒய்யின் தண்டுப் பகுதியைப் பற்றி விழுங்கும் செல்கள் அதை உட்கொள்கின்றன. காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் தூண்டப்பட்டு பாக்டீரியாவின் சவ்வைத் துளைப்பதும் உண்டு. அழிப்பவை பெரும்பாலும் மற்றவை. எதிர்ப்பொருள் இலக்கைக் குறித்துக் கொடுக்கிறது.

ஐந்து வகைகளின் அட்டவணை இருக்கட்டும். ஆனால் தொற்றின்போது முதலில் வரும் ஐஜிஎம் வகை ஏன் பத்துப் பிணைப்பிடங்களோடு வருகிறது, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும் ஐஜிஜி வகை, குழந்தை பிறந்த பின் சில மாதங்களில் ஏன் குறைந்துவிடுகிறது என்ற இரண்டையாவது அதே பக்கத்திலேயே விளக்குங்கள்.

தேர்வில் "எதிர்ப்பொருள் வரையறு" என்ற கேள்விக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: புதிய தொற்றின்போது எதிர்ப்பொருள் போதிய அளவு சேர ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம், அதே கிருமி மீண்டும் வந்தால் ஏன் விரைவாக வருகிறது? இப்போதைய வாக்கியத்தை மனப்பாடம் செய்தவரால் இதற்கு விடை எழுத முடியாது. பொருந்தும் செல்கள் முதலில் மிகச் சிலவே இருந்தன, அவை பெருக நாளாயிற்று, பெருகியவற்றில் பல இன்னும் இருக்கின்றன என்று அறிந்தவர் நான்கே வரியில் எழுதிவிடுவார்.

அன்புடன்,
உயிரியலை நேசிக்கும் வாசகர் ஒருவர்