ஜாமீன்தார் டெக்சாஸ்

அன்புள்ள சேகர்,

இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டுவாய். திட்டிக்கொள். முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிரஷர் எனக்கு.

ஆயுள் முழுக்க லோன் ஃபைல் புரட்டியவன் நீ, உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். இங்கே வட்டாரப் பள்ளிகளை நடத்தி, அதற்கு வரியும் வசூலிக்கும் அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று எங்கள் பள்ளி மாவட்டம் மே மாதம் வாக்கெடுப்பு வைத்தது. வாக்குச்சீட்டில் பெரிய எழுத்தில் 'இது சொத்து வரி உயர்வு' என்று இருந்தது. வரி விகிதம் ஏறாவிட்டாலும் அப்படிப் போட்டே ஆக வேண்டுமாம், 2019-இல் வந்த சட்டம். படித்ததும் பத்மா 'வேண்டாம்' என்று குத்திவிட்டு வந்தாள். நான் 'வேண்டும்'. இப்போது காபி நானே போட்டுக்கொள்கிறேன்.

கடனுக்கு ஜாமீன் யார் தெரியுமா? டெக்சாஸ் மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி என்று ஒன்று. 1854-இல் 20 லட்சம் டாலரில் தொடங்கியது. 1876 அரசியல் சட்டம் மாநிலப் பொது நிலத்தில் பாதியைப் பள்ளிகளுக்கு எழுதி வைத்தது. பிறகு அந்த நிலத்தில் எண்ணெய் கிடைத்தது. இன்று நிதியில் 5,000 கோடி டாலருக்கு மேல். 1983-இல் மக்கள் ஓட்டுப் போட்டு, பள்ளிப் பத்திரங்களுக்கு இதை ஜாமீன் நிற்க வைத்தார்கள். பத்திரத்துக்கு ட்ரிபிள் ஏ, அதாவது மிக உயர்ந்த நம்பகத் தரம் கிடைத்துவிடும், வட்டி குறையும். பணக்காரப் புறநகருக்கு இதில் பெரிய லாபமில்லை. மெக்சிகோ எல்லையோரம், வரி வசூலே சொற்பமான மாவட்டத்துக்குத்தான் உயிர்.

கட்டாவிட்டால் என்று கேட்பாய். நிதி உடனே பத்திரக்காரனுக்குக் கொடுத்துவிடும், பிறகு மாநிலம் அந்த மாவட்டத்துக்குத் தரும் மானியத்தில் பிடித்துக்கொள்ளும். கடனைக் கட்டாமல் நழுவின நம்ம கோபாலு கதையெல்லாம் இங்கே நடக்காது. இதுவரை ஒருமுறைகூட நிதி கைக்காசு போட நேரவில்லை!

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மொத்த ஜாமீன் தொகைக்கு மத்திய வரித் துறை வைத்த உச்சவரம்பு உண்டு. 2008 நிதிச் சரிவில், பத்திரக் கடன் வராவிட்டால் ஈடு கட்டும் காப்பீட்டுக் கம்பெனிகள் படுத்துவிட, எல்லா மாவட்டமும் இங்கே ஓடி வந்தன. 2009-இல் வரம்பு நிரம்பி, புது ஜாமீனைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டார்கள். மிக அவசியமான நேரத்தில் கதவடைப்பு. இன்னொரு பக்கம், கடன் மலிவானால் ஆசை பெருகும். ஆலன் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் ஃபுட்பால் ஆட, மக்கள் ஓட்டுப் போட்ட கடனில் 6 கோடி டாலருக்கு ஸ்டேடியம் கட்டினார்கள். 2012-இல் திறந்தார்கள், 2014-இல் கான்கிரீட் விரிசலால் மூடி ரிப்பேர் பார்த்தார்கள். அந்த ஸ்டேடியத்தை நினைத்தால் பத்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடாதே.

நீ மேனேஜர் நாற்காலியில் இருந்தால், கடன் வகுப்பறைக்கா, விளையாட்டு மைதானத்துக்கா என்று பார்த்து ஜாமீன் கொடுப்பாயா, இல்லை திருப்பிக் கட்டுவார்களா என்று மட்டும் பார்ப்பாயா? பதில் போடு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினால் உதைப்பேன்.

உன்,
மணி