உதவித்தொகை வேலையைப் பிளஸ் டூ வகுப்பிலேயே தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி சேர்க்கை தொடங்கினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பத்தோடு என்னிடம்தான் வருவார்கள்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கொடுக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவர் தொழிற்கல்விக்குக் கலந்தாய்வில் இடம் பெற்றால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. ஒரு கூலித் தொழிலாளியின் மகள் இன்று தைரியமாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறாள் என்றால் இவைதான் காரணம். ஆனால் ஒதுக்கிய பணம் பிள்ளையின் கைக்கு வந்து சேரும் கடைசி இடத்தில் தடுக்கி நிற்கிறது.

உதவித்தொகை இப்போது நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கின் நிலை என்ன? பள்ளியில் படிக்கும்போது அம்மா பெயரோடு சேர்த்துத் தொடங்கியதாக இருக்கும். பதினெட்டு வயது ஆனதும் புதிதாகக் கையெழுத்தும் ஆவணமும் கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் கணக்கு முடங்கிவிடும். ஓடிபி வரவேண்டிய செல் நம்பர் எப்போதோ மாறியிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆதார். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டாலே வேலை முடிந்தது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அரசுப் பணம் வர வேண்டுமானால், வங்கிகளுக்கிடையே பணம் போய்ச் சேரும் வேலையைப் பார்க்கும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்தக் கணக்கு ஆதாரோடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக எந்தக் கணக்கு அங்கே பதிவானதோ, பணம் அதற்குத்தான் போகும். நர்சிங் படிக்கும் ஒரு மாணவி பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தாள். உதவித்தொகை வரவே இல்லை. இணையத்தில் பார்த்தால் அனுப்பியாகிவிட்டது என்று இருந்தது. தேடிப் பார்த்ததில், செல்போன் கடையில் சிம் வாங்கும்போது விரல் ரேகை வைத்தாளே, அப்போது அவள் பெயரில் ஒரு கணக்கும் தொடங்கியிருந்தார்கள். பணம் அங்கே கிடந்தது. அதற்குள் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கல்லூரி நெருக்கியதில் அவள் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைகள் முன்பணம் கட்டாமலேயே சேரட்டும் என்றுதான் மத்திய அரசின் நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. எத்தனை கல்லூரி அலுவலகங்களில் இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்கிறார்கள்?

என் கோரிக்கை ஒன்றுதான். இந்த வேலைகளைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்க்காமல், பிளஸ் டூ படிக்கும்போதே பள்ளியில் வைத்து முடித்துவிட வேண்டும். பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை நாள் இருக்கிறது. வங்கிக்காரர், ஆதார் திருத்தம் செய்பவர், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எல்லோரையும் ஒரே வளாகத்தில் உட்கார வைத்தால் போதும். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் ஜூன் மாத நெரிசலில் தாலுகா ஆபீசில் தேங்கி நிற்காது. இது முடியாத காரியமும் அல்ல. மேற்படிப்பில் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்காக 'உயர்வுக்குப் படி' முகாம்களை இதே அரசுதான் நடத்துகிறது. நின்றுபோன பிறகு செய்வதைக் கொஞ்சம் முன்பே எல்லாருக்கும் செய்யக் கேட்கிறேன்.

பெற்றோரும் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆதார் இணையதளத்தில் பிள்ளையின் ஆதார் எண்ணையும் செல்லுக்கு வரும் ஓடிபியையும் போட்டால், எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறது என்று உடனே காட்டும். அது நீங்கள் பயன்படுத்தாத வங்கியாக இருந்தால், உங்கள் வங்கிக் கிளையில் இப்போதே மனு கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.