தோடிக்கு இஸ்திரி போட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நவராத்திரிக் கச்சேரிகளைப் பற்றி எழுதியவர், பாட்டு, வீணை, பரதம் எல்லாவற்றிலும் நம் பெண்பிள்ளைகள் முன்னே வந்துவிட்டதாக மகிழ்ந்திருக்கிறார். எனக்கும் மகிழ்ச்சிதான். அவர்களில் நாலைந்து பேர் என்னிடம் சரளி வரிசை படித்தவர்கள். ஆனால் அவர் மேடையோடு நின்றுவிட்டார். ஒரு தடவை திரும்பி, மண்டபத்தின் கடைசியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜையைப் பார்த்திருக்கலாம். அங்கே அத்தனை பேரும் ஆண்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருஷமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலிப்பதிவு வேலை நமக்கு எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். 2020 மார்ச் 27 அன்று கொரோனாவுக்காக நாடு பூட்டப்பட்டதும் வகுப்பை ஜூமுக்கு மாற்றினேன். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடுகிறேன். பிள்ளைகளோ "டீச்சர், சுருதியே கேட்கல" என்கிறார்கள். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று ஜூம் வடிகட்டிவிடுமாம். தம்பூராவும் மின்விசிறியும் அதற்கு ஒன்றுதான்! 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைத் தேடிப்பிடித்துப் போட்ட பிறகே சுருதி போய்ச் சேர்ந்தது. சேர்ந்து பாடவும் வழியில்லை. ஒருவர் குரல் அடுத்தவரை எட்டுவதற்குள் தாளம் நழுவிவிடும். அதனால் பாடங்களை நானே பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். மகனுடைய பழைய லேப்டாப், காசில்லாமல் கிடைத்த ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், ஒரு மைக். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டைத் திட்டாதவர் அப்போது டர்பனில் கிடையாது, நான் மட்டும் அதற்காகக் காத்திருப்பேன். ஃப்ரிட்ஜும் தெருவிலுள்ள டிவிகளும் அடங்கிய பிறகு அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வாங்கும்வரை நன்றாகத்தான் போனது.

அதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது இன்னும் உறுத்துகிறது. தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பதிவு செய்ய இங்கே ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடினால்தான் அது தோடி. அங்கிருந்த இளைஞருக்கு அது சுருதிப் பிசகாகப் பட்டிருக்கிறது. சுரத்தை நேராக்கும் மென்பொருளை ஓடவிட்டு, பியானோக் கட்டையில் அடித்ததுபோல் ஆக்கிக் கொடுத்தார். போதாததற்கு கம்ப்ரெஸர் போட்டு, ஏறி இறங்கிய குரலை ஒரே மட்டத்தில் நிறுத்தியிருந்தார். தோடிக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ராக் குழுக்களுக்கு அருமையாகச் செய்கிறவர், நல்ல பிள்ளை. அவருக்கு நம் பாட்டுத் தெரியாது, எனக்கு அவருடைய கருவி தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் அந்த அறையில் இல்லை.

கோயில் விழாக்களிலும் இதே கதைதான். ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பஜனைக்கு வைத்த ஒலி அமைப்பை, அதைவிட உயர்ந்த ஐந்து கட்டையில் ஒரு பெண் பாட வரும்போது யாரும் தொடுவதில்லை. புனல் ஸ்பீக்கரில் அது காதைக் கிழிக்கும். உடனே குரலையே மொத்தமாகக் குறைத்துவிடுவார்கள். விழா முடிந்ததும், "பாப்பாவுக்குக் குரல் எடுபடல" என்பார்கள்.

என்னிடம் பத்து வருஷம் பாட்டுப் படித்த ஒருத்தி, பிறகு ஒலிப்பொறியியல் படித்தாள். திருவிழாவுக்கு நான் சவுண்ட் பார்க்கிறேன் என்று போய்க் கேட்டபோது, கமிட்டி அங்கிள் ஒருவர், "கேபிளெல்லாம் கனமா இருக்கும்மா" என்றாராம். அந்த அங்கிளின் மனைவி ஒவ்வொரு காவடிக்கும் பால்குடம் சுமந்து வெயிலில் நடக்கிறவர். (அந்த அங்கிளிடமே இதைச் சொன்னேன். சிரித்தார், வேலை கொடுக்கவில்லை.) என் மாணவி இப்போது வாரத்தில் மூன்று நாள் விளம்பரக் குரல்களை வெட்டி ஒட்டுகிறாள். சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் மிக்ஸர். செவ்வாய் மாலை ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு சொல்லித் தருகிறாள். ஒரு வருமானம் நொண்டினால் இன்னொன்று தாங்குகிறது. பாட்டு ஒன்றையே நம்பியிருந்த எனக்கு அந்த வசதி வாய்த்ததில்லை.

நம்மவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த டீலியா டெர்பிஷையர் 1959இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவு அறையில் பெண்களை வைப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பிபிசியில் சேர்ந்து மின்னணு இசையில் பெயர் வாங்கினார். 2018இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் பிரபலமான பாடல்களின் தயாரிப்பாளர்களில் பெண்கள் 2 சதவீதம்தான். எனக்குப் பிடித்தவர் சூசன் ராஜர்ஸ். கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் தொடங்கி, பாடகர் பிரின்ஸின் ஒலிப்பொறியாளராகி, பிற்பாடு முனைவர் பட்டமும் வாங்கி, பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியரானவர். என் பழைய மாணவிக்கு அவர் கதையை நான்தான் முதலில் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் கச்சேரி விமர்சனம் போடும்போது வயலின், மிருதங்கம் வாசித்தவர்களோடு, ஒலி அமைத்தவர் பெயரையும் போடுங்கள். ஒலி மோசமாக இருந்தாலும் போடுங்கள். கமிட்டி அங்கிள்களே, பெரிய திருவிழாவை உடனே கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பஜனைக்கு இரண்டு மைக், ஒரு சின்ன மிக்ஸர். அதில் பெண்பிள்ளைகளைப் பழக விடுங்கள்.

என் வீட்டுக்கு இப்போது சனிக்கிழமை மதியம் இரண்டு பெண்கள் வருகிறார்கள். முதல் பாடம், முறுக்கு விழாமல் கேபிள் சுருட்டுவது. மைக் ஸ்டாண்டுதான் ஒன்றே ஒன்று இருக்கிறது. பழையது யாருடைய கராஜிலாவது சும்மா கிடந்தால் இதழ் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்