நீலம் ஏன் பச்சையாகிறது

அன்புள்ள கயல்,

"நீலம் நிற்கவே மாட்டேன் என்கிறது அப்பா" என்று, நீலமாக ஒளிர வேண்டிய உன் பாலிஃபுளோரீன் (நீண்ட சங்கிலிகளாலான பாலிமர்) படலம் பச்சையாகிவிடுவதைப் பற்றி ஞாயிறன்று நீ சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. வாரம் முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் நான் கேரட்டையும் தக்காளியையும் மேசைமேல் வைத்துப் பாடம் நடத்துவேன், நினைவிருக்கிறதா? இரண்டின் நிறமிகளிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக 11 இரட்டைப் பிணைப்புகள். ஆனால் கேரட்டில் இரு முனை வளையங்களும் முறுக்கிக்கொள்வதால் எலக்ட்ரான் ஓடும் வழி குறுகி, சிவப்பு ஆரஞ்சாகிவிடுகிறது. அது ஒளியை விழுங்கியபின் மிஞ்சும் நிறம், உன்னுடையது உமிழும் நிறம். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: எலக்ட்ரான் ஓட வசதி கூடக் கூட நிறம் சிவப்புப் பக்கம் நகரும். 1990இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட் குழுவினர் மின்சாரத்தால் ஒளிரவைத்த பிபிவி என்ற பாலிமர் மஞ்சள் கலந்த பச்சை. அதே முதுகெலும்பில் ஆக்சிஜன் வழியாகப் பக்கக் கிளைகளைத் தொங்கவிட்டால் ஆரஞ்சுச் சிவப்பு. இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இனி உன் பாலிஃபுளோரீன். சங்கிலிகள் நெருங்கி ஒட்டிக்கொள்வதால்தான் பச்சை வருகிறது என்று வெகுநாள் பலர் நம்பினார்கள். பிறகு சந்தேகம் சங்கிலியின் ஒவ்வொரு அலகிலும் உள்ள ஒன்பதாம் கார்பன் பக்கம் திரும்பியது. அங்கே ஆக்சிஜன் புகுந்து, கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து கீட்டோன் ஆகிவிட்டால், அந்த இடத்தின் ஆற்றல் மட்டம் தாழ்ந்துவிடுகிறது. மேட்டு நீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல், கிளர்ச்சியுற்ற ஆற்றல் சங்கிலிக்குச் சங்கிலி தாவி அங்கே போய்ச் சேர்கிறது. அதனால் இந்தக் கீட்டோன் கறை மிகச் சிறிதாக இருந்தாலும் படலம் முழுவதும் பச்சையாகிறது. நீர்த்த கரைசலில் தாவ அண்டைச் சங்கிலி இல்லாததால் நீலம் பெரும்பாலும் தப்பிக்கிறது. உன் கரைசல் நன்றாகத்தான் இருக்கிறது என்றாயே, அது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சங்கிலியாகக் கோக்கும் மூல அலகான மோனோமரை மறுபடி பார், கண்ணே. ஒன்பதாம் கார்பனில் இரண்டு ஆல்கைல் (கார்பன்-ஹைட்ரஜன்) கிளைகளும் ஏறாமல் ஒரு ஹைட்ரஜன் எஞ்சியிருந்தால், ஆக்சிஜன் முதலில் அங்கேதான் கைவைக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 1720 செ.மீ⁻¹ அருகே கீட்டோனைக் காட்டும் சிறு மேடு தெரிகிறதா? ஒரு படலத்தைக் காற்றிலும் இன்னொன்றை நைட்ரஜனிலும் சூடாக்கி ஒப்பிட்டாயா? பச்சையான படலங்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. என்ன நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

இரண்டு படலங்களையும் புற ஊதா விளக்கின்கீழ் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா