ஆமைக்குஞ்சு பொரியும் மாதங்களில் கரை விளக்கை மாற்றித் தரக் கோரி மனு

அனுப்புநர்:
மீன் விற்கும் பெண்,
மீனவர் குப்பம், கடலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: கடற்கரை உயர்கோபுர விளக்கால் பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சுகள் சாவது – தடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால், மீன் எடுக்கக் கூடையோடு கரைக்குப் போனேன். எங்கள் ஊர் உயர்கோபுர விளக்கின் அடியில் ஆமைக்குஞ்சுகள் செத்துக் கிடந்தன. சிலவற்றை நாய் குதறியிருந்தது. சில ரோடு வரைக்கும் ஊர்ந்து போய் வண்டியில் நசுங்கியிருந்தன. உயிரோடு இருந்த பதினொன்றை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அலையோரம் விட்டேன். அதில் இரண்டு திரும்பவும் விளக்கைப் பார்த்தே நகர்ந்தன.

மணலைவிட்டு வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கம் போகும். விளக்கு இல்லாத காலத்தில் அது கடல் பக்கமாகத்தான் இருந்தது. தை முதல் பங்குனி வரை தாய் ஆமை கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இடும். 45 முதல் 60 நாளில் பொரியும். வனத்துறையினரும் தன்னார்வலர்களும் ராத்திரியெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளுக்குத்தான் இந்தக் கதி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. ஆமை முட்டையை எடுத்து விற்றால் வழக்கு வரும். ஒரு குழிக் குஞ்சு மொத்தமும் விளக்கடியில் செத்தால் மட்டும் யாருக்கும் பொறுப்பில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இருட்டில் அலைச் சத்தம் கேட்டாலே எங்கள் பிள்ளைகள் அழுவார்கள். விளக்கு வந்த அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று முடிவு செய்தபோது ஆமையை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மனு எழுத அதற்குக் கை இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தை முதல் வைகாசி வரை கடலைப் பார்த்த விளக்குகளை மட்டும் இரவில் அணைத்து வைக்கவும், மற்றவற்றை ஊர்ப் பக்கம் திருப்பி மறைப்பு போடவும், பெண்கள் நடக்கும் பாதைக்கு வெள்ளை விளக்குக்குப் பதிலாகத் தாழ்வான மஞ்சள் விளக்கு தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். வரும் தைக்குள் செய்தால் இந்தப் பருவக் குஞ்சுகள் பிழைக்கும். அப்புறம் ஒன்று: ஆய்வுக்கு அதிகாரிகளை இருட்டிய பிறகு அனுப்புங்கள். பகலில் வந்தால் எதுவும் தெரியாது. இடத்தைக் காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: கடலூர்