கயிறு பாறையில் உரசக் கூடாது: குகைப் பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மேகாலயாவின் ஜைந்தியா மலைக் குகையில் நான் ஏறிய கயிறு பாறையில் உரசிப் பிய்ந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்று நீங்கள் அனுப்பிய பதில்தான் இதை எழுத வைத்தது.

குகைக்குள் இருந்த செங்குத்தான குழியிலிருந்து கடைசியாக ஏறியது நான். விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்தபோது தலைவிளக்கு வெளிச்சத்தில் கயிற்றைப் பார்த்தேன். பாறைக்கும் கயிற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய கித்தான் துண்டு ஒரு சாண் விலகிக் கிடந்தது. கயிற்றின் மேலுறை பிய்ந்து, உள்ளே வெள்ளை இழை தெரிந்தது. நான் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கயிறு நீண்டு சுருங்கியது; அதே இடம் அதே கூர்முனையில் அறுபட்டது. அசையாமல் இருக்கவும் வழியில்லை. ஹார்னஸில் (உடலைத் தாங்கும் வார்க்கட்டில்) அசைவற்றுத் தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம் என்று பயிற்சியில் சொன்னவர்களே நீங்கள்தான். கயிறு பாறையோடு இறுகிக் கிடந்ததால் மேல் அசெண்டரை (கயிற்றைக் கவ்விப் பிடித்து ஏற உதவும் கருவியை) நகர்த்த விரல் நுழையவும் இடமில்லை. விரல் முட்டி தேயத் தேய அதைப் பிய்ந்த பகுதிக்கு மேலே கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

கயிறு கட்டுவதில் இரண்டு மரபுகள் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பியக் குகையர்கள் ஒன்பது மி.மீ. அளவில் மெல்லிய கயிறு கொண்டுபோவார்கள். அது உரசும் இடத்திலெல்லாம் பாறையில் புதிதாக ஒரு போல்ட் அடித்து, அங்கிருந்து மறுபடி தொங்கவிடுவார்கள். அதுதான் ரீபிலே. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், எலிசன் குகையின் 179 மீட்டர் குழி போன்ற இடங்களில், பதினொரு மி.மீ. தடிமனான கயிற்றை விளிம்பில் திண்டு வைத்து ஒரே தொங்கலாக விடுவார்கள். இரண்டும் அனுபவத்தில் தேறியவை. நீங்களோ ஐரோப்பிய முறையிலிருந்து மெல்லிய கயிற்றையும் அமெரிக்க முறையிலிருந்து ஒற்றைத் தொங்கலையும் எடுத்துக்கொண்டீர்கள். சுமையும் மிச்சம், போல்ட்டும் மிச்சம்.

ரீபிலேயைக் கடக்கப் புதியவர்களுக்கு நேரமாகும் என்கிறீர்கள். ஆகட்டும். முதல் நாள் ஒரு மரத்தில் கட்டிப் பழக்குங்கள். ஒருவர் மேல் துண்டுக்குப் போனதும் அடுத்தவர் கீழ்த் துண்டில் ஏறலாம் என்பதால், நீண்ட குழியில் நேரம் மிச்சமாகவே செய்யும். என் வேண்டுகோள் ஒன்றே: மெல்லிய கயிறு என்றால், உரசும் இடத்தில் ரீபிலே கட்டுங்கள்.

டிரோன் படம் பிடிக்க ஆள் இருக்கிறது. சட்டையில் சின்னம் அச்சடிக்கப் பணம் இருக்கிறது. உயிர் போனால் நாங்களே பொறுப்பு என்று கையெழுத்து வாங்கும் படிவம் பக்கம் பக்கமாக நீள்கிறது. கயிறு வாங்கிய ஆண்டு மட்டும் யாருக்கும் நினைவில்லை. யார்க்‌ஷயரில் 1935 முதலே குகை மீட்புக்கென்று தன்னார்வக் குழு இருக்கிறது. நம் ஆள் குழியின் நடுவில் மாட்டிக்கொண்டால் எந்த எண்ணை அழைப்பது? அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள்க. பிப்ரவரிப் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்களில் நானும் ஒருவர். எந்தத் தடிமன் கயிறு, எந்த ஆண்டு வாங்கியது, உரசும் இடத்தில் ரீபிலே உண்டா என்பதை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் வந்ததும் மீதித் தொகையை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கடைசியாக ஏறிய உறுப்பினர்